தராசுக்கடை பதில்கள்: மூன்று டிராம் என்றால் எவ்வளவு?

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மூன்று தலைமுறையாகத் தராசும் அளவைகளும் பழுது பார்க்கும் கடையிலிருந்து, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்.)

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு பித்தளைக் குவளை கிடைத்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். கறுப்பு மரத்தில் கைப்பிடி. குவளையைப் பிடித்து இழுத்தால் மேலே ஏறுகிறது, ஒவ்வொரு காடியிலும் ‘டக்’கென்று நிற்கிறது. ஒரு பக்கம் டிராம் என்று 2½ முதல் 3½ வரை எண்கள். மறுபக்கம் அவுன்ஸ் என்று 1, 1⅛, 1¼. தாத்தா பாகூர் ஏரிப் பக்கம் கொக்கு, நாரை சுட்டதாக வீட்டில் சொல்வார்கள். பெட்டியில் துருப்பிடித்த ஒரு தகர டப்பாவும் இருக்கிறது, ஆட்டினால் சலசலக்கிறது. குவளையைப் புளி போட்டுத் தேய்த்துக் காபித்தூள் அளக்க வைத்துக்கொள்ளலாமா? ஒரே குவளைக்கு எதற்கு இரண்டு கணக்கு?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, முதலில் டப்பா. அதை இனி ஆட்டாதீர்கள், திறக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அதில் ரவையும் (துப்பாக்கியில் போடும் சிறு ஈய உருண்டைகள்) இருக்கலாம், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் இருக்கலாம், துப்பாக்கி மருந்தும் இருக்கலாம். பழைய கேப்பு ஒரு தட்டுக்கே வெடிக்கும். அவர்கள் வரும்போது குவளையையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, காபித்தூள் வேண்டவே வேண்டாம். அந்தக் குவளை எத்தனையோ வருஷம் ஈய ரவை அள்ளியது. காடியிலும் அடித்தட்டு விளிம்பிலும் ஈயப்பொடி ஏறியிருக்கும், புளி போட்டாலும் முழுக்கப் போகாது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் லேசில் வெளியேறாது, குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். அடுக்களைக்குள் போகக் கூடாது.

சரி, அது என்ன என்று சொல்கிறேன். துப்பாக்கி மருந்தும் ரவையும் அளக்கிற மாற்றளவை அது. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொண்ட காலத்தில் ஒவ்வொரு வேட்டைக்காரர் பையிலும் இருந்த சாமான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துப் பட்டறைகள் இதற்குப் பேர்போனவை. ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஹாக்ஸ்லி என்ற பெயர்கள் அடியில் பொறித்திருக்கும், உங்களுடையதைத் திருப்பிப் பாருங்கள். குவளையை மேலே இழுக்க இழுக்க உள்ளே இருக்கும் அடித்தட்டு கீழே போகும், கொள்ளளவு கூடும். வேண்டிய எண்ணில் நிறுத்தி, மருந்தை அள்ளி, தலைதட்டித் தோட்டாவுக்குள் கவிழ்ப்பார்கள். மேலே அடைப்பு வைத்து அழுத்தியபின் அதே குவளையை அவுன்ஸ் கணக்குக்கு மாற்றி ரவையை அள்ளிப் போடுவார்கள்.

இரண்டு கணக்கு ஏன் என்பதுதான் நல்ல கேள்வி. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா? குவளைக்குக் கொள்ளளவு மட்டும்தான் தெரியும். அதன் மேல் பொறித்திருக்கும் டிராமும் அவுன்ஸும் எடைகள். டிராம் என்றால் ஒரு அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, 1.77 கிராம். அவுன்ஸ் 28.35 கிராம். ஆக, ‘3 டிராம்’ என்ற கோட்டுக்கு அர்த்தம், இதுவரை கரிமருந்து (பழைய காலத்துக் கறுப்புத் துப்பாக்கி மருந்து) அள்ளினால் ஏறத்தாழ 5.3 கிராம் இருக்கும் என்பதே. ‘1⅛ அவுன்ஸ்’ என்பதற்கு, இதுவரை ஈய ரவை அள்ளினால் 32 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று அர்த்தம். வேறு எதை அள்ளினாலும் அந்த எண்கள் செல்லாது. ட்வெல்வ் போர் (குழல் அளவு 12) துப்பாக்கிக்கு இந்த மூன்று டிராம் மருந்தும் 1⅛ அவுன்ஸ் ரவையும் அந்தக் காலத்து வழக்கமான கணக்கு. நாட்டுத் துப்பாக்கி கெட்டித்தவர்களிடம் இன்னும் எளிய வழி இருந்தது: மருந்து எவ்வளவு இடம் பிடிக்கிறதோ ரவையும் ஏறக்குறைய அவ்வளவு இடம். ஒரே குவளை, இரண்டு தரம்.

இதைச் சொல்லும்போது ஒருவர் நினைவு வராமல் இருக்காது. 1980-களின் தொடக்கம், எனக்குப் பதினாறு வயது. பண்ருட்டிக்கு அப்பால் முந்திரித் தோப்பு வைத்திருந்தவர், லைசென்ஸோடு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தவர், இடது கை முழுக்கக் கட்டுப்போட்டு கடைக்கு வந்தார். வலது கையில் உங்களிடம் இருப்பது போலவே ஒரு குவளை. “இது தப்பா அளக்குதான்னு பாருங்க ஐயா” என்று அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். கரிமருந்து தீர்ந்துபோயிருக்கிறது. கையில் வெளிநாட்டுத் தோட்டா ஒரு டப்பா இருந்திருக்கிறது. அதைப் பிரித்து மருந்தை எடுத்துத் தன்னுடைய பித்தளைத் தோட்டாவில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். டப்பாவின் மேல் ‘3 டிராமுக்குச் சமம்’ என்று அச்சிட்டிருந்தது. குவளையை 3 டிராமில் வைத்து ஒரு தோட்டாவின் மருந்தைக் கொட்டினார். பாதிகூட நிரம்பவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இன்னொரு தோட்டாவை வெட்டினார், அதன்பின் மூன்றாவதையும். குவளை தலைதட்ட நிரம்பியது. அந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட்டதில் குழல் வாழைப்பூ மடல் பிரிந்த மாதிரி விரிந்துவிட்டது. இரண்டு விரல் போயிற்று.

அப்பா அந்தக் குவளையை எங்கள் கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்தார். அவரிடம் மிச்சமிருந்த ஒரு சிட்டிகை கரிமருந்து பரீட்சைக்குப் போதாது. அதனால் தண்ணீர் ஊற்றினார். விளிம்போடு விளிம்பாக நிரப்பி, இடுக்கியால் ஒவ்வொரு படிக்கல்லாக எடுத்து வைத்தார். ஐந்து கிராமும் சொச்சமும் காட்டியது. தண்ணீரில் ஐந்து கிராம் என்றால் ஐந்து மில்லி. கரிமருந்தும் கிட்டத்தட்ட அதே கனம்தான். “அளவை சரியாத்தான் இருக்கு. நீங்க அளந்த பொருள்தான் வேற” என்றார். அந்த மனிதர் வெகுநேரம் குவளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுத்துக்கொண்டு போகவில்லை. இன்றும் அது எங்கள் கடை மேல்தட்டில் இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், டப்பாவில் இருந்தது புகையில்லா மருந்து. 1884-இல் பிரெஞ்சுக்காரர் பால் வியே கண்டுபிடித்த வகையின் வாரிசு. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகவே போய்விடும். புகையில்லா மருந்து ஏறத்தாழ முழுவதும் வாயுவாக மாறிவிடும். கரிமருந்து செய்கிற வேலையை அதில் கால் பங்கு எடையே செய்து முடித்துவிடும். கரிமருந்துக்குப் பழகிய ஜனங்களுக்குப் புரியட்டும் என்று ‘பழைய மருந்தில் மூன்று டிராம் போட்டால் ரவை என்ன வேகத்தில் போகுமோ அதே வேகம் இதிலும்’ என்ற பொருளில் டப்பாவில் அச்சிட்டார்கள். வேகம் சமம் என்பதுதான் அதன் பொருள். உள்ளே மூன்று டிராம் மருந்து இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ளாததற்கு இரண்டு விரல் விலை.

கேள்வி: நகைத்தொழிலில் இருக்கிறேன். கிரெயின், குன்றிமணி, டிராம், அவுன்ஸ் எல்லாம் குழப்பமாக இருக்கிறது. பழைய பித்தளை அளவையில் உள்ள அவுன்ஸும் தங்கத்தின் அவுன்ஸும் ஒன்றா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஒன்றில்லை. தங்க அவுன்ஸ் 31.1 கிராம். மளிகைக்கும் ரவைக்கும் உள்ள அவுன்ஸ் 28.35 கிராம். டிராமிலும் அதே வம்பு உண்டு: மருந்துக்கடைக்காரரின் பழைய டிராம் 3.9 கிராம் கிட்ட வரும், துப்பாக்கி மருந்தின் டிராம் 1.77 கிராம்தான். இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கிரெயின் ஒன்றுதான் எல்லா இடத்திலும் மாறாதது. ஒரு வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து வந்தது, 0.0648 கிராம். 7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு மளிகைப் பவுண்டு. குன்றிமணி சராசரியாக 0.12 கிராம் என்பதால், ஒரு குன்றிமணிக்கு இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே வார இறுதியில் களிமண் தட்டுச் சுடும் கிளப்புக்குப் போகிறான். சுட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே நிரப்புகிறான், அங்கே அது சட்டப்படி சரி என்கிறான். அந்த இயந்திரத்தின் வீடியோ அனுப்பினான். இரண்டு பாட்டில் தலைகீழாக நிற்கிறது. கீழே ஒரு கட்டை இடமும் வலமும் நகர்கிறது. அதில் இரண்டு திருகு. திருகைச் சுற்றினால் அளவு மாறுமாம். தராசே தேவையில்லை என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஐயா, உங்கள் மனசு சரியான இடத்தில்தான் உறுத்துகிறது. இந்தப் பதிலை அப்படியே தம்பிக்கு அனுப்பிவையுங்கள்.

அந்தக் கட்டையில் இரண்டு குழி இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ஒரு பாட்டிலிலிருந்து ரவை குழிக்குள் விழும். மறுபக்கம் தள்ளினால் அந்த ரவை தோட்டாவுக்குள் இறங்கும், அதே நேரம் மருந்துக் குழி நிரம்பும். சாதாரணக் கட்டையில் ரவைக்குழி மாறாத அளவு. மருந்துக்கு ஒரு உலோக வளையம் போடுவார்கள், வேறு அளவு வேண்டுமென்றால் வேறு வளையம் வாங்க வேண்டும். உங்கள் மகன் வாங்கியிருப்பது மாற்றிக்கொள்ளும் கட்டை. ரவைக்கு ஒரு திருகு, மருந்துக்கு ஒரு திருகு. திருகினால் குழியின் ஒரு சுவர் நகரும். பத்து வளையம் வாங்குகிற செலவு மிச்சம், நல்ல வசதிதான். ஆனால் முத்தியால்பேட்டை அம்மா வீட்டுக் குவளைக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. இதுவும் படிதான். திருகின் பக்கத்தில் உள்ள எண்ணும், கூடவே தரும் அட்டவணையும் தொடங்குகிற இடத்தைக் காட்டும். அதற்கு மேல் அவற்றை நம்பக் கூடாது.

ஏன் என்று நான் கடையில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மேல்தட்டில் இருக்கும் அந்தப் பித்தளைக் குவளையை 3 டிராமில் வைத்து, கேழ்வரகை எடுத்துக்கொண்டேன், மருந்தைத் தொட எனக்கு உரிமை இல்லை. காகிதக் கூம்பிலிருந்து மெதுவாகச் சரியவிட்டுத் தலைதட்டினால் நாலு கிராமை ஒட்டி வந்தது. அதே குவளை, அதே கேழ்வரகு. மேசையில் நாலு தட்டு தட்டி, இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பித் தலைதட்டினால் கால் கிராமுக்கு மேல் கூடிவிட்டது. குவளையால் மொண்டு எடுத்தால் மூன்றாவது ஒரு எண். தலைதட்டக் குச்சி வைத்தால் ஒன்று, விரல் வைத்தால் இன்னொன்று, விரல் மெத்தென்று உள்ளே அமுங்கிக் கொஞ்சம் எடுத்துவிடும். அரிசி மண்டியில் படி அளக்கிறவரின் கையைப் பாருங்கள். உயரத்திலிருந்து விசையாகக் கொட்டினால் படிக்குள் அதிகம் போகும், பக்கவாட்டில் சாய்த்துச் சரியவிட்டால் குறையும். வாங்கும்போது ஒரு கை, விற்கும்போது ஒரு கை என்று எங்கள் தாத்தா சொல்வார்.

துப்பாக்கி மருந்திலும் இதே கதைதான், பின்விளைவு மட்டும் பெரிது. இயந்திரத்தின் கைப்பிடியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பாட்டில் அதிரும், மருந்து அமுங்கும். பாட்டிலை நிரப்பியதும் முதல் சில தரம் விழுகிற அளவு ஒன்றாக இருக்கும், பத்து தரம் அதிர்ந்தபின் வேறாக இருக்கும். அதனால் முதலில் விழுவதைத் தோட்டாவில் போடாமல் பாட்டிலுக்கே திருப்பிக் கொட்டச் சொல்லுங்கள். அழுத்துகிற வேகமும் விசையும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தரம் மெதுவாக, ஒரு தரம் ‘டமால்’ என்று அடிக்கிறவர் கையில் எந்த அளவையும் நிற்காது. பாட்டில் முழுதாக இருக்கும்போதும் அடியில் இரண்டு விரல்கடை இருக்கும்போதும் அளவு கொஞ்சம் மாறும், அரைப் பாட்டிலுக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொள்வது நல்லது.

திருகு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் தொழிலோடு ஒட்டியது. எந்தத் திருகிலும் மரையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வலப்பக்கம் சுற்றி ஒரு எண்ணுக்கு வருவதும், இடப்பக்கம் சுற்றி அதே எண்ணுக்கு வருவதும் ஒரே இடம் இல்லை. எண் ஒன்றாகத் தெரியும், உள்ளே சுவர் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். அதற்கு வழி எளிது: எப்போதும் குறைந்த அளவிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்விட்டு மறுபடி கூட்டி வர வேண்டும். நிறுத்தியபின் பூட்டுத்திருகு இருந்தால் இறுக்க வேண்டும். நாங்கள் தராசின் சமன்திருகை வைப்பதும் இப்படித்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு பேர் ஒரே எண்ணில் வைத்து இரண்டு அளவு வாங்குவார்கள்.

தராசு வேண்டுமா என்றால், தராசு இல்லாமல் அந்தக் கட்டையைத் தொடவே கூடாது. திருகை வைத்தபின் பத்து தரம் தனித்தனியாகத் தள்ளி, பத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கட்டும். சராசரி சரியாக வந்தால் போதாது, மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் முக்கியம். மிகக் கூடியதுகூட மருந்துக் கம்பெனி அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. மருந்து டப்பா மாறினால், பெயர் அதேயானாலும், மறுபடி நிறுக்க வேண்டும். மழைநாளில் ஒரு தரம் நிறுத்துப் பார்ப்பதும் நல்லது.

எந்தத் தராசு என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் அது. சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். ஒரு கிராம் என்றால் 15.43 கிரெயின். ஒரு தோட்டாவின் மருந்தே பதினெட்டு இருபது கிரெயின் அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் அந்தத் தராசு ஒன்று ‘1’ காட்டும், இல்லை ‘2’ காட்டும், நடுவில் எதுவும் தெரியாது. நகைக்கடையில் வைப்பது போல 0.01 கிராம் வரை காட்டுவது வேண்டும். பக்கத்தில் ஒரு நிலையான படிக்கல் இருக்க வேண்டும். தராசை இயக்கிக் கால்மணி நேரம் விட்டு, படிக்கல்லை வைத்துச் சரிபார்த்து, வேலைக்கு நடுவில் ஒரு தரமும் முடிவில் ஒரு தரமும் வைத்துப் பார்க்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே நிறுப்பவர்களை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ரவைக்குத் தனியாகச் சில விஷயம். ரவை பருமனாக ஆக ஆக இடையில் காற்று கூடும், அதே குழியில் எடை குறையும். தவிர, கட்டை நகரும்போது பெரிய ரவை விளிம்பில் சிக்கி நசுங்கும், அங்கே கையால் முட்டித் தள்ளக் கூடாது. எஃகு ரவை ஈயத்தைவிட இலேசு: ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகு 8-க்கும் குறைவு. ஈயத்துக்கு வைத்த குழியில் எஃகை நிரப்பி எடை மட்டும் குறைந்ததாக நினைத்துவிடக் கூடாது. எஃகுக்கு அடைப்பும் வேறு, மருந்தும் வேறு, அட்டவணையும் வேறு, பழைய மெல்லிய குழலில் போடவே கூடாது. ஒரு அட்டவணையில் கூடு, கேப்பு, அடைப்பு, மருந்து, ரவை ஐந்தும் சொல்லியிருந்தால் ஐந்தும் அப்படியே வேண்டும். அடைப்பு கைவசம் இல்லை, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று மாற்றினால் அழுத்தம் எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றைத் தம்பி கட்டாயம் கேட்க வேண்டும். மருந்து சில சமயம் குழாய்க்குள் வளைவு கட்டி நின்றுவிடும், மாவு சல்லடையில் நிற்பது போல. ஒரு கூட்டில் ஒன்றுமே விழாது, அடுத்ததில் இரண்டு பங்கு விழும். அடைப்பு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வெளிச்சம் பிடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும். மருந்து குறைந்த தோட்டாவைச் சுட்டால் ‘புஸ்’ஸென்று ஒரு மந்தச் சத்தம் வரும். அப்போது அடைப்பு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போட்டால், அந்த முந்திரித் தோப்புக்காரருக்கு நடந்ததுதான் நடக்கும்.

வேலை செய்யும்போது பக்கத்தில் தட்டு, டம்ளர் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பேரக்குழந்தைகள் வீட்டில் இருந்தால் அந்த அறைக்குப் பூட்டு.

இதையெல்லாம் செய்கிற பொறுமை தம்பிக்கு இருந்தால் அது நல்ல கைவேலை. நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: கல்லூரி மாணவன். துப்பாக்கி சுடும் போட்டியில், குறிப்பாகப் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் ஆர்வம். தோட்டா விலை கட்டுபடியாகாது என்கிறார்கள். நாமே நிரப்பிக்கொள்ளலாமா?
— வாசகர், நெய்வேலி

பதில்: வேண்டாம் தம்பி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டா செய்யும் கருவியையே அந்தச் சட்டம் தோட்டாவின் கணக்கில் சேர்க்கிறது. யாரோ வீடியோவில் செய்கிறார்களே என்று இணையத்தில் கருவி வாங்கிவிடாதே. முறையான ரைபிள் கிளப்பில் சேர், தோட்டா அவர்கள் வழியாக வரட்டும். ஒலிம்பிக் டிராப் போட்டியில் ரவை 24 கிராம்தான், முன்பு இருந்ததைவிடக் குறைத்திருக்கிறார்கள். தோளுக்கும் அது நல்லது. நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவில்தான் சுட்டார். ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியது டபுள் டிராப்பில், அதாவது ஒரே நேரம் இரண்டு தட்டு பறக்கும் பிரிவில். தோட்டா இல்லாமலே செய்யக்கூடிய பயிற்சி நிறைய இருக்கிறது: துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுவது, தட்டின் பாதையைக் கண்ணால் தொடர்வது. கிளப்பில் பயிற்சியாளரிடம் அதைக் கேட்டுத் தொடங்கு.

கேள்வி: எங்கள் ஊர் குண்டு உப்பலவாடி. பீரங்கிக் குண்டு விழுந்ததால் இந்தப் பெயர் என்று பாட்டி சொல்வார். உண்மையா? பீரங்கிக்கு மருந்தை எப்படி அளந்தார்கள்?
— பத்தாம் வகுப்பு மாணவி, குண்டு உப்பலவாடி, கடலூர்

பதில்: பாட்டி சொல்வதற்குப் பின்னால் எழுத்திலேயே ஆதாரம் உள்ள ஒரு கதை இருக்கிறது, கண்ணு. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது செஞ்சியில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் பீரங்கிக் குண்டு. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு. அந்த ஊர்களைக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே சொல்லிவந்தார்கள். உங்கள் ஊர்ப் பெயரிலும் நம் குண்டு சாலைப் பெயரிலும் அந்தக் குண்டுதான் இருக்கிறது என்பது ஊர்வழக்கு.

என் தொழில் புத்தி இந்த இடத்தில்தான் நிற்கும். நிலத்தைக் கயிறு போட்டு அளந்திருந்தால் கயிற்றின் நீளத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போக வேண்டும். குண்டால் அளந்தால் கொஞ்சம் மருந்து கூடினால் தூரம் கூடும், குழலை ஒரு விரல்கடை உயர்த்தினால் இன்னும் கூடும். ஒப்பந்தத்தில் வருகிற ‘ரேண்டம் ஷாட்’ என்ற சொல்லுக்கே அந்தக் காலப் பீரங்கிக்காரர் பேச்சில், குழலை நிமிர்த்தி எட்டுகிற மட்டும் சுடுவது என்று பொருள். வாங்குகிறவர்கள் கையில்தான் பீரங்கியும் இருந்தது, மருந்தும் இருந்தது.

பீரங்கி மருந்தை அளந்தது கரண்டியால். நீண்ட கழியின் நுனியில் செம்புத் தகட்டை அரைவட்டமாக வளைத்து ஆணியடித்திருப்பார்கள். ஒவ்வொரு பீரங்கியின் வாய்க்கும் ஏற்ற அளவில் தனித்தனிக் கரண்டி. பீப்பாயில் மொண்டு, தலைதட்டி, குழலுக்குள் அடிவரை நுழைத்துக் கழியைத் திருப்பினால் மருந்து உள்ளே கொட்டிவிடும். இரும்பில் செய்தால் உரசித் தீப்பொறி வரும், அதனால் செம்பு. முத்தியால்பேட்டை அம்மாவின் குவளை பித்தளையில் இருப்பதற்கும் அதுவே காரணம். ஒரு நாள் பள்ளி முடிந்து பாட்டியோடு கடைப்பக்கம் வா. மேல்தட்டுக் குவளையை எடுத்துத் தருகிறேன், கேழ்வரகு போட்டு நீயே அளந்து பார். கையை மட்டும் கழுவிவிட்டுப் போக வேண்டும்.